கோட்டையில் ஏறிய வெள்ளைத்துணி

பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு அலுமாரியோ, மடித்து வைத்த கல்யாணச் சேலையோ ஞாபகம் வரும். எனக்கு ஒரு கோட்டை ஞாபகம் வரும். அந்த வாசத்தோடு கொஞ்சம் ஈரச் சுண்ணாம்பையும், கொஞ்சம் எலிப்புழுக்கையையும், யன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போகத் தெரியாமல் மண்டபத்தில் நின்றுவிட்ட பனிமூட்டத்தையும் சேர்த்தால் அதுதான் என் சின்ன வயது. "நான் கோட்டையில வளந்தவன்" என்று ஹட்டன் ஸ்டாண்டில் சொன்னால் மற்ற ஆட்டோக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் சொல்லும் பொய்களையெல்லாம் நம்பிவிட்டு, இந்த ஓர் உண்மையை மட்டும் அவர்கள் நம்புவதில்லை.

அது ராசா கட்டிய கோட்டை அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குப் போய், என்ன வியாபாரம் செய்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாமலே பெரிய ஆளாகிவிட்ட ஒருவர், தான் குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு. சின்ன வயதில் கலண்டரிலும் பிஸ்கட் டின் மூடியிலும் கண்ட அரண்மனைப் படங்களையெல்லாம் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தாராம். மேசன் பாஸ் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம் முதலாளி?" என்று கேட்க, "எல்லாப் பக்கமும்" என்றாராம். அப்படியே கட்டியும் விட்டார்கள். மலைச்சரிவில் தேயிலைக்கு நடுவே ஒரு பக்கம் வெள்ளைக்காரத் தொப்பி போட்ட வட்டக் கோபுரம். மறுபக்கம் வெங்காயம் கவிழ்த்த மாதிரி ஒரு கும்மட்டம். நடுவில் கண்டிக் கூரை. அதற்குக் கீழே காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லப்பட்ட மரத்தூண்கள். வாசலில் இரண்டு சிங்கங்கள். செய்தவர் சிங்கத்தை நேரில் கண்டவர் இல்லை என்பதால், ஒன்று சிரித்தது, மற்றது பல்வலிக்காரன் மாதிரி முழித்தது. நான் சிரிக்கிற சிங்கத்தின் கட்சி.

முதலாளி குடும்பத்தோடு ஒரே ஒரு முறைதான் வந்தார். இரண்டு நாள் மழையும் மூன்றாம் நாள் மூட்டமுமாக இருக்க, அவருடைய மனைவி நாலாம் நாள் காலையில் காரில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. அவர்கள் போகும்போது, சோபா, கட்டில், மேசை என்று எல்லாவற்றின் மீதும் வெள்ளைத்துணி போர்த்தி, மூலைக்கு மூலை பூச்சி உருண்டை போட்டுவிட்டு, அப்பாவை வாச்சராக வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான் வெட்டும்போது சரிந்து முழங்கால் போனவர். மலை வேலை இனி ஆகாது என்றிருந்த நேரத்தில் இந்த வேலை கிடைத்தது. அம்மா அதற்கு முந்தின வருடமே வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போயிருந்தார். ஆகவே நாங்கள் இரண்டு பேர், முப்பத்தொரு அறைகள். அதில் எங்களுக்குக் கொடுத்தது வட்டக் கோபுரத்தின் அடியில் ஒரே ஒரு அறை. எங்கள் பழைய லயத்துக் காம்பிரா அளவுதான் அதுவும் இருந்தது, அதனால் வீடு மாறினதாகவே எனக்குத் தோன்றவில்லை.

"வெளியாட்கள உள்ளுக்கு எடுக்கக் கூடாது" என்பது முதலாளி விட்டுப் போன ஒரே சட்டம். அதனால் லயத்துப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. நான் இறங்கிப் போனாலும், "கோட்டைக்காரன் வாரான்டோய்" என்று பந்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் அவர்களைக் கேலி செய்ததும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வயதில் வாய் மட்டும் இரண்டு ஆள் அளவு. பேச ஆள் இல்லாத வீட்டில் அப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காலையில் தோட்டத்தில் கங்காணி வேலைக்கு ஆள் எண்ணிப் பெரட்டு எடுப்பதைப் போல, நானும் பெரிய மண்டபத்தில் பெரட்டு எடுத்தேன். வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலிகளுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, லயத்துப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அவரவர் குரலில் நானே "வந்துட்டேன் சேர்" சொல்வேன். பிந்தி வந்தவனை ஏசுவேன். பிந்தி வந்தவனும் நான்தான். சில நாள் கூரையிலிருந்து எதிரொலி வந்து "சேர்" என்னும். அதற்கும் ஒரு பெயர் போட்டுக்கொடுத்தேன்.

அந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு பயன் இருந்தது. எங்கள் பள்ளத்தில் அப்போது சிக்னல் கிடையாது. ஃபோனில் பேச வேண்டுமானால் பஸ் ஏறிப் பாதி தூரம் போக வேண்டும். ஆனால் வட்டக் கோபுரத்தில் தொண்ணூற்று நாலு படி ஏறினால், உச்சி யன்னலில், கொத்மலைப் பக்கத்துத் தண்ணீர் ஒரு நூல் மாதிரித் தெரிகிற இடத்தில், இரண்டு கோடு சிக்னல் விழுந்தது. அப்பா தன் பட்டன் ஃபோனை ஒரு பால்மா டின்னுக்குள் வைத்து அந்த யன்னலிலேயே விட்டுவிட்டார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அவர் வேலை செய்த வீட்டுக்காரர்கள் வெளியே போகும் பொழுதில் ஃபோன் எடுத்துப் பேசுவார். நாலு நிமிடம், கூடினால் ஐந்து. அப்பாவின் முழங்கால் படியேறி வருவதற்குள் கோல் கட்டாகிவிடும் என்பதால், பேசுவது என் வேலை. கேட்டதை இறங்கி வந்து சொல்வதும் என் வேலை. அதற்காக வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடம் போவதில்லை. வாய்ப்பாட்டில் வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்த பகுதி எனக்கு இன்றைக்கும் தெரியாது.

விசயம் கேள்விப்பட்டு லயத்தில் இன்னும் சில வீட்டுக்காரர்களும் அந்த நம்பரைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஆளைக் கூப்பிடுவது எப்படி? அதற்கு நான் கண்டுபிடித்ததுதான் கொடி. யன்னலுக்கு வெளியே மூங்கில் ஒன்றை நீட்டி, வீட்டுக்கு ஒரு துணி என்று வைத்துக்கொண்டேன். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்த புருசனுக்குக் காத்திருந்த சரோஜா அக்காவுக்குப் பச்சைத் துவாய். மகன் கட்டாரில் இருந்த கங்காணிக்குச் சிவப்புக் கட்டம் போட்ட சாரம். எங்களுக்கு அம்மாவின் மஞ்சள் சேலை. பச்சை ஏறினால் சரோஜா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கோபுரத்துக்குக் கீழே வேலியோரம் வந்து நிற்பார். நான் மேலேயிருந்து செய்தியைக் கத்துவேன்.

"அக்கா, அத்தான் கொழும்புல இன்னொன்னு கட்டிக்கிட்டாராம்."

"எறங்கி வாடா நீ. ஒன் வாயில கொச்சிக்காத்தூள அப்பாம விடமாட்டேன்."

"சரி சரி. அடுத்த மாசம் பதினைஞ்சு வாராராம். ஒங்கள மெலிஞ்சு இருக்கச் சொன்னாரு."

அக்கா ஏசிக்கொண்டே சிரித்துக்கொண்டு போவார். கங்காணிக்கு மட்டும் நான் ஒழுங்காகச் சொல்வேன், அவருக்குக் கோபம் வந்தால் கம்பு வரும்.

மஞ்சள் சேலை ஏறும்போது நடப்பது வேறு. அப்பா கோட்டைக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் கரட் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மண்வெட்டியோடு அங்கேதான் நிற்பார், ஆனால் பார்வை மேலேதான் இருக்கும். சேலை பறந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து ஒரே ஒரு தரம் உதறிக் காட்டுவார். அவ்வளவுதான். அப்பா அதிகம் பேசாதவர். அந்த ஓர் உதறலில் அவர் வாரம் முழுக்கப் பேசாததெல்லாம் இருப்பதாக எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டு மூன்று பேரும் ஒன்றாக இருந்த நேரம் என்றால் அதுதான்: அம்மாவின் குரல் என் காதில், அம்மாவின் சேலை மூங்கிலில், அப்பாவின் துண்டு பள்ளத்தில்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் அடிக்கவில்லை.

நான் டின்னைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன். கோடு இரண்டும் சரியாக இருந்தது. பகல் சாப்பாட்டு நேரம் போய், பின்னேரக் கொழுந்தும் தராசில் நிறுத்துப் போய்விட்டது. கீழே அப்பா அப்படியே நின்றார். மழை தூறியது, நின்றார். மூட்டம் வந்து அவரை மறைத்தது. விலகியபோது அதே இடத்தில் அதே மாதிரி நின்றார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சேலையை எடுத்து மூங்கிலில் கட்டிவிட்டேன். அவர் துண்டை அவிழ்த்து உதறினார். நான் இறங்கிப் போய், "அம்மா சொகமாம். கொஞ்சம் சளித் தடுமலாம். நம்மளக் கேட்டுச்சு" என்றேன். தடுமல் என்று சேர்த்தது நம்பிக்கைக்காக. எல்லாம் நல்ல செய்தியாக இருந்தால் பொய் மாதிரித் தெரியும் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளியும் அடிக்கவில்லை. அடுத்ததும் இல்லை. நம்பர் தவறியிருக்கும், ஃபோன் உடைந்திருக்கும், வருகிற வாரம் எடுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேலையைக் கட்டினேன். பொய்க்கும் சாப்பாடு போட வேண்டும், சும்மா வளராது. அம்மா ஈச்சம்பழம் அனுப்புகிறார் என்றேன். அம்மா இருக்கிற வீட்டிலும் கோபுரம் இருக்கிறது என்றேன். நாலாம் வாரம் என் கெட்ட வாய் சும்மா இருக்கவில்லை. "ஒங்களுக்கு மீசை நல்லா இல்லயாம், எடுக்கச் சொல்லுச்சு" என்றேன். விளையாட்டாகத்தான். மறுநாள் காலையில் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு அப்பா குந்தியிருந்தார். திரும்பியபோது மேலுதடு மட்டும் வெயில் படாத நிறத்தில் வெளிறி, வேறு யாரோ ஓர் ஆள் மாதிரி இருந்தார். "நல்லா இருக்காடா?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

ஆறாம் வெள்ளி கட்டிய சேலையை அவிழ்க்க மறந்துபோனேன். அந்த வாரம் அடித்த காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய் எந்தப் பள்ளத்தில் போட்டதோ, தேடியும் கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. ஏழாம் வெள்ளியும் ஃபோன் வாய் திறக்கவில்லை. அப்பா கரட் பாத்தியில் ஒரு வேலையும் செய்யாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கட்டத் துணி இல்லை. பச்சையைக் கட்டினால் சரோஜா அக்கா வருவார், சாரத்தைக் கட்டினால் கங்காணி வருவார். நான் கீழே ஓடி, பெரிய மண்டபத்தில் இருந்த நீளச் சோபாவின் போர்வையை இழுத்தெடுத்து, பூச்சி உருண்டைகள் படியெல்லாம் உருள மேலே ஓடி, அதைக் கட்டித் தொங்கவிட்டேன். வெள்ளை வெளேரென்று அரைக் கோபுரத்துக்கு அது இறங்கியது.

எங்கள் நாட்டில் வெள்ளைத்துணி கட்டுவது எதற்கென்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சிங்களவர் வீடோ தமிழர் வீடோ, ஒரு சாவு விழுந்தால் வாசலிலும் ரோட்டோரமும் வெள்ளைத்துணிதான் பறக்கும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் தலைக்குள் துணி இருந்தது, அப்பா இருந்தார், நிறம் இருக்கவில்லை.

முதலில் எதிர்மலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. நிரையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒருத்தர் கையை நீட்டிக் கோட்டையைக் காட்டினார். பிறகு கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கங்காணி உட்பட அந்த மலையில் நின்ற அத்தனை பேரும் தேயிலையை ஊடறுத்துப் பாதைக்கு இறங்கி, ஒற்றை வரிசையில் எங்கள் பக்கமாக ஏறத் தொடங்கினார்கள். இருபத்தைந்து பேராவது இருக்கும்.

எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இத்தனை பேர் நம் வீட்டுக்கு வருகிறார்களே என்ற சந்தோசம். ஏன் வருகிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை. சிங்க வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்று தொண்ணூற்று நாலு படியும் தாவி இறங்கினேன். பெரிய கேட்டின் இரண்டு கதவையும் விரித்துவிட்டு நின்றபோதுதான் சத்தம் கேட்டது. சரோஜா அக்கா முன்னால் வந்தார், தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியைக் காணவில்லை, முடி அவிழ்ந்திருந்தது. "பெரிய வீட்டுல வேலைக்குப் போனவளே, பெத்த புள்ள மொகம் பாக்காமப் போனியே" என்று இழுத்து அழுதுகொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

அப்பா சத்தம் கேட்டுக் கரட் பாத்தியிலிருந்து நொண்டிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பார்த்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். பாத்தியில் நின்றபோது, அப்போதுதான் பள்ளத்தை மூடிய மூட்டத்தில் அவருக்கு ஏதோ துணி ஆடியது மட்டும் தெரிந்திருக்கும். துண்டைக்கூட அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அந்தத் துண்டோடு சிரிக்கிற சிங்கத்தின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சரோஜா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எப்படா சொன்னாங்க? ஃபோன்ல யார்டா பேசுனா?" என்று கேட்டார் கங்காணி. என் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒட்டிக்கொண்டது. அக்காவின் பிடியிலிருந்து நழுவி, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் காதுக்குள் சொன்னேன்: "அம்மா சாகல்லப்பா. யாரும் ஃபோன் பண்ணல்ல. அம்மாவும் பண்ணல்ல. ரொம்ப நாளாப் பண்ணல்ல."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிங்கத்தின் முன்னங்காலைப் பிடித்து எழும்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒன்னும் இல்ல. அவ நல்லாத்தான் இருக்கா. இப்பத்தான் பேசுனாளாம். சேல காயல்லன்னு இந்த நாய்ப்பய கைக்குக் கெடச்சதக் கட்டிட்டான்."

பிறகு சரோஜா அக்கா என் காதைப் பிடித்துத் திருகினார். "கட்டையில போறவனே, ஆறுமுகத்த வேற சாவுக்குத் தப்பு அடிக்க ஆளு கூட்டியாரச் சொல்லி அனுப்பிட்டோமேடா" என்று ஏசி, அந்த ஏச்சு முடியும் முன்னே சிரிக்கத் தொடங்கி, சிரிப்பும் அழுகையும் எது எதென்று தெரியாமல் அவர் படியில் உட்கார, மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கங்காணி ஒருத்தர்தான் முறைத்தபடி நின்றார். "அர நாள் கொழுந்து போச்சு. நான் தொரைக்கு என்னான்னு சொல்றது, செல்வராஜ்? சாவே இல்லாம சாவு வீட்டுக்குப் போனோம்னா?"

"சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றார் அப்பா.

முதலாளியின் சட்டம் அன்று ஒரு பொழுது இல்லாமல் போனது. அப்பா முதலாளியின் குசினியில் இருந்த பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினார். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கால் கழுவி உள்ளே வந்து, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார்கள். "இது என்னாடா, கக்கூசா? நம்ம காம்பிராவ விட பெருசா இருக்கே" என்றார் ஒருத்தர். போர்வை இல்லாத சோபாவில் சரோஜா அக்கா காலை மடக்கி உட்கார்ந்து, "யாரங்கே" என்று கூப்பிட, மண்டபமே சிரித்தது. அந்தக் கூரையிலிருந்து என் குரல் அல்லாத எதிரொலியை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் இத்தனை நாள் பெரட்டு எடுத்த மண்டபத்தில் உண்மையான ஆட்கள் நிறைந்திருந்தார்கள், தேத்தண்ணி ஆவி பறந்தது, என் கன்னத்தை ஆளுக்கு ஒரு தரம் கிள்ளினார்கள். நான் ஆசைப்பட்ட நாள் அது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோப்பை கோப்பையாக ஊற்றி நீட்டிக்கொண்டே இருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, அப்பா கோபுரத்தில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான். வெள்ளைத்துணியை அவிழ்த்து என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒழுங்காக மடித்தார்.

"எத்தன வெள்ளிக்கெழம?"

"ஏழு."

"ஈச்சம்பழம்?"

"அதுவும் நாந்தான்."

மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தார். "இதுவுமா?"

தலையாட்டினேன்.

"நல்லவேள, மொட்டை அடிக்கச் சொல்லல்ல" என்றார். அப்பாவும் என்னைப் போல் கேலிக்காரர்தானோ, இடமில்லாமல் உள்ளே வைத்துக்கொண்டாரோ என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. "போன மாசம் ஹட்டன்ல ஒங்கம்மாவ அனுப்புன ஏஜென்ட்காரரு கேட்டாரு, வீட்டுக்குப் பேசுறாங்களான்னு. வாரம் தவறாமப் பேசுறான்னு சொல்லிட்டு வந்தேனே."

என்னை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார். பிறகு கொழும்புக்கு, திரும்பத் திரும்ப. நான் கோட்டையில் தனியாக இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டுக்காரர்கள் அம்மாவின் ஃபோனைப் பறித்துக்கொண்டு, அவரை வேறொரு ஊருக்கு, வேறொரு வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள் என்பது தெரியவே பல வாரம் ஆனது. ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப இன்னும் மாதங்கள் ஆயின. அம்மா வந்து இறங்கியபோது கையில் ஒரு பை மட்டும் இருந்தது, வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. கோட்டை வாசல் வரை வந்தவர், சிங்கங்களைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். "பெரிய வீட்டுக்குள்ள இனி என் காலு படாது" என்றார். அந்த வாரமே நாங்கள் லயத்துக்குத் திரும்பினோம்.

காம்பிராவில் சாமானை இறக்கி வைத்த பிறகு அம்மா அப்பாவைக் கேட்டார்:

"மொதல் ரெண்டு மாசம் என்கிட்டருந்து ஒரு சத்தமும் இல்ல. இருக்காளா செத்தாளான்னு தேடணும்னு தோணலயா ஒங்களுக்கு?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சிக்னல் இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

அம்மா அவரையே பார்த்தார். "மீசை எங்க?"

"நரைச்சிருச்சு. அதான்."

அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள். அம்மா அவருக்குச் சமைத்தார், துவைத்தார், முழங்காலுக்கு எண்ணெய்கூடக் காய்ச்சிக் கொடுத்தார். ஆனால் அவரோடு பேச வேண்டியதைச் சுவரோடு பேசினார். "சோறு போட்டு வச்சிருக்கு" என்பார் அடுப்பைப் பார்த்து. "உங்கப்பா என்னத் தேடல்ல" என்று என்னிடம் மட்டும் எப்போதாவது சொல்வார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடிப்பார். ஹட்டன் முழுக்க ஓயாமல் அடிக்கிற என் வாய், சொல்ல வேண்டிய அந்த ஒரே இடத்தில் மட்டும் திறக்கவில்லை. சரோஜா அக்கா நாள்களைக் கூட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அம்மா வந்த புதிதில் ஒரு நாள் அக்கா என்னை நீளமாகப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உயிரோடு வந்தவளிடம் சாவுக் கதை சொல்வது அபசகுனம் என்று லயத்தில் மற்றவர்களும் அந்த வெள்ளைத்துணியைப் பற்றி அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு எங்கள் வாசலில் உண்மையாகவே வெள்ளைத்துணி ஏறியது. கட்டியது நான்தான்.

இப்போது எதிர்மலையில் சிக்னல் கோபுரம் வந்துவிட்டது. காம்பிராவுக்குள்ளேயே எல்லார் ஃபோனும் அடிக்கிறது. கோட்டையை முதலாளியின் பிள்ளைகள் விற்றுவிட, அது ஹோட்டல் ஆகிவிட்டது. அந்த மூங்கில் இருந்த இடத்தில் இன்று விளக்கு எரிகிறது. கரட் பாத்தி கார் நிறுத்தும் இடம். நானுஓயா ஸ்டேசனிலிருந்து வெள்ளைக்காரர்களைச் சில நாள் நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். அந்தக் கோபுரத்தில் ஒரு ராசகுமாரி ஏழு வருடம் அடைபட்டுக் கிடந்தாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்வேன். அவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் பிடிப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் காட்ட ஹட்டனுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வரும்போது, வளைவில் கோட்டை தெரிந்தது. கோபுரத்தின் உச்சியிலிருந்து பாதி வரைக்கும் வெள்ளைத்துணி தொங்கியது.

"நிறுத்துடா" என்றார் அம்மா. "யாரு செத்தது அங்க?"

"யாரும் சாகல்லம்மா. கல்யாணம். வெளியூர்க்காரங்க. அழகுக்குக் கட்டியிருக்காங்க."

"அழகுக்கா?" அம்மா சிரித்துவிட்டார். "புத்தி கெட்டவனுங்க. நம்ம ஆளுங்க பாத்தா ஒப்பாரி வச்சிக்கிட்டு வந்துருவாங்களே."

எஞ்சினை நிறுத்தினேன். கண்ணாடியில் அம்மாவின் முகம் இன்னும் சிரித்தபடி இருந்தது. இனி ஒரு தடவை இந்த இடம் எனக்குக் கிடைக்காது என்று பட்டது. திரும்பிப் பார்க்காமல், ஹேண்டிலைப் பிடித்தபடியே சொன்னேன். ஏழு வெள்ளிக்கிழமையையும் சொன்னேன், ஈச்சம்பழத்தைச் சொன்னேன், மீசையைச் சொன்னேன், சிங்கத்தின் காலடியில் அப்பா உட்கார்ந்ததைச் சொன்னேன். ஒரு இடத்திலும் கேலி வரவில்லை.

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"அந்த மனுசன் ஏன்டா ஒரு வார்த்த சொல்லல்ல?"

"எனக்காகத்தாம்மா."

அம்மா குடையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆட்டோவத் திருப்பு" என்றார். "மயானத்துக்குப் போ."

தோட்டத்து மயானம் கோட்டைக்கு மறுபக்கச் சரிவில், கைவிட்ட தேயிலைக்கு நடுவே இருக்கிறது. அப்பாவுக்குக் கல் வைக்கவில்லை, ஒரு குரோட்டன் செடி நட்டிருந்தோம். இப்போது அந்த இடமெல்லாம் குரோட்டன்தான், எது யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா குடையை ஊன்றிக்கொண்டு தனியாக ஏறினார். ஓரிடத்திலும் தயங்காமல் நேரே ஒரு செடிக்குப் போய் நின்றார். பிறகு குந்தினார். அவருடைய கை அசைவதும், தலை ஆடுவதும் தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்து அல்ல, நேரே நிலத்தைப் பார்த்துப் பேசினார். மூட்டம் வந்து அவரை மறைத்தது. விலகியபோது அதே இடத்தில் இருந்தார். நான் ரோட்டில் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, அன்றைக்கு அப்பா நின்ற மாதிரியே மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அம்மா. என் கண்ணுக்கு முன்னாலேயே, காதில் ஃபோனை வைத்துக்கொண்டு எழும்பி நின்றார். அம்மாவின் ஃபோன் என்றால் நான் இரண்டாவது தரம் அடிக்க விடுவதில்லை.

"அங்க தனியா என்னாடா பண்ற?" என்றார். "மேல வா."